பக்கத்து சேர்ல உக்காந்திருந்த பொண்ணு: ரெட்டைப் பிள்ளைங்க கேஸ் ஒண்ணு

வில்லிவாக்கம் பக்கம் ஒரு வீடு, அந்த வீட்டு சமையக்கட்டு வாசக்கால்ல ரெண்டு பக்கமும் பென்சில் கோடு கோடா இருக்கும். இடது பக்கம் பொண்ணு, வலது பக்கம் பையன். ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க. பொண்ணு 9 நிமிஷம் மூத்தவ, ஆனா தம்பிக்காரன் அக்கான்னு கூப்பிட மாட்டான், "ஒம்போது நிமிஷத்துக்கெல்லாம் அக்காவா"ன்னு கேப்பான். பொறந்தநாளு, பொங்கல்னு வந்தா அவங்க அப்பா செவுத்தோட நிக்க வெச்சு தலைமேல ஸ்கேல வெச்சு கோடு போடுவாரு. 10 வயசுக்கு முன்னாடி போட்டதெல்லாம் ஒரு பொங்கலுக்கு பெயின்ட் அடிச்சதுல போயிடுச்சு, மிச்சம் இருக்குறத போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து என்கிட்ட காட்டினாரு. நாலு வருஷம் பாத்த இந்த கேஸ்ல என் ஃபைல விட அந்த வாசக்கால் ஒழுங்கான ரெக்கார்டு.

நான் குழந்தைங்க கிளினிக் ஒண்ணுல டயட்டீஷியன். அந்த வீட்ல நாலு பேரும் சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் இத எழுதுறேன், ஆள் அடையாளம் தெரியுற மாதிரி இருந்த சிலத மாத்திட்டேன். கேஸ் நல்லபடியா முடிஞ்சுச்சு, அதனால பெருமைக்கு எழுதுறேன்னு நினைக்காதீங்க, நடுவுல நான் ஒரு தப்பு பண்ணேன், அதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன்.

மொத தடவ வந்தப்ப

பிள்ளைங்களுக்கு 11 வயசு 2 மாசம். அம்மா, பாட்டி, ரெண்டு பிள்ளைங்க, நாலு பேரா ரூமுக்குள்ள வந்தாங்க. ஃபைல் பையன் பேர்ல. அம்மா உக்காரும்போதே ஆரம்பிச்சுட்டாங்க, "மேடம், ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதான் போடுறேன், இவன் மட்டும் எப்படி மேடம் இப்படி ஊதுறான், யூனிஃபார்ம் ஜூன்ல தெச்சது, தீபாவளிக்கே பட்டன் நிக்கல". பாட்டி ஒரு பக்கம் "வளர்ற புள்ளம்மா, அவன அப்படியெல்லாம் சொல்லாத, திருஷ்டி பட்டுடும்"னு. பையன் ஃபேனையே பாத்துட்டு இருந்தான். ஸ்கூல்ல பூசணின்னு கூப்பிடுறாங்களாம், அத அவன் சொல்லல, அக்காதான் சொன்னா. அவ ஓரமா இருந்த சேர்ல உக்காந்து சயின்ஸ் நோட்டுல ஏதோ படம் வரைஞ்சுட்டு இருந்தா.

பையன் 142 செ.மீ, 42 கிலோ, பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு, 20.8. பொண்ணையும் சும்மா ஏத்தி நிறுத்திப் பாத்தேன், 146 செ.மீ, 36 கிலோ, பி.எம்.ஐ 16.9. நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல வெளியிட்ட சார்ட்தான் நாங்க பாக்குறது, 5 வயசுல இருந்து 18 வரைக்கும், அதுல பெரியவங்களோட 23-க்கும் 27-க்கும் சமமான ரெண்டு கோடு இருக்கும், மொத கோட்டத் தாண்டினா அதிக எடை, ரெண்டாவதத் தாண்டினா ஒபீசிட்டி. பெரியவங்களுக்கு உலகத்துக்கே பொதுவா 25, 30-னு வெச்சிருக்கும்போது நமக்கு ஏன் கோட்ட கீழ இறக்கினாங்கன்னா, ஒரே பி.எம்.ஐ-க்கு நம்ம உடம்புல கொழுப்பு ஜாஸ்தி. 2004-ல லான்செட்ங்குற மருத்துவப் பத்திரிகைல புனே டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டன் டாக்டர் யூட்கினும் பக்கத்துல பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு வந்துச்சு, ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ 22.3, ஆனா உடம்புக் கொழுப்பு ஒருத்தருக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பி.எம்.ஐ-ய மட்டும் வெச்சு பேசுறவங்களுக்கு நான் காட்டுறது அந்தப் படத்ததான். நம்ம பையன் மொத கோட்டுக்கு மேல, ரெண்டாவதுக்குக் கீழ.

"தைராய்டா இருக்குமோ மேடம்?" இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. தைராய்டு கம்மியா இருக்குற பிள்ளைக்கு மொதல்ல அடிபடுறது உயரம், எடை அப்புறம்தான். குண்டா இருந்து குள்ளமாவும் நின்னு போச்சுன்னா ஹார்மோன் பக்கம் தேடணும். இவன் வாசக்கால் கோட்டுப்படி 14 மாசத்துல 135-ல இருந்து 142-க்கு வந்திருக்கான், அதாவது வருஷத்துக்கு 6 செ.மீ, பருவம் ஆரம்பிக்காத பிள்ளைக்கு 5, 6 வந்தாலே நல்ல வளர்ச்சிதான். சாப்பாட்டால குண்டான பிள்ளைங்க பொதுவா அந்த வயசுக்கு கொஞ்சம் உயரமாவே இருப்பாங்க, எலும்பு வயசும், அதாவது எலும்பு எவ்வளவு முத்தியிருக்குங்குறதும், கொஞ்சம் முந்தும், ஆனா கடைசி உயரம் அதனால கூடாது. டாக்டர் தைராய்டு டெஸ்ட் எழுதலன்னதும் அம்மா முகம் கொஞ்சம் வாடிப் போச்சு, தைராய்டுன்னு வந்துட்டா யார் மேலயும் தப்பு இல்லைன்னு ஆயிடும் பாருங்க.

கழுத்துக்குப் பின்னாடி கருப்பா, வெல்வெட் மாதிரி தடிச்சு இருந்துச்சு. பாட்டி அத அழுக்குன்னு நினைச்சு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை பயத்தமாவும் பீர்க்கங்கா நாரும் வெச்சு தேய்ச்சு தோல் செவந்து போயிருந்துச்சு. அது அழுக்கு இல்ல, அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்னு பேரு, ரத்தத்துல இன்சுலின் தேவைக்கு மேல ஓடுதுன்னு தோல் காட்டுற அடையாளம். பருவ வயசுல எந்தப் பிள்ளைக்குமே இன்சுலின் கொஞ்சம் எடுபடாமப் போகும், வளர்ச்சி ஹார்மோன் ஏர்றதால, பருவம் முடிஞ்சா தானா சரியாயிடும், ஆனா ஏற்கனவே வயித்துல சதை இருக்குற பிள்ளைக்கு அது மேல இது சேரும். அதனால சுகர், எச்.பி.ஏ.1சி (மூணு மாச சுகரோட சராசரி), கொழுப்பு, ஈரல் டெஸ்ட் எடுத்தோம், ட்ரைகிளிசரைட்ங்குற ரத்தக் கொழுப்பு மட்டும் லேசா கூட, மத்ததெல்லாம் நார்மல். டாக்டர் தனியா பரிசோதிச்சு எழுதின ஒரே வரி: விரை அளவு 4 மி.லி. மணிமாலை மாதிரி ஒரு கருவி, ஸ்விட்சர்லாந்து டாக்டர் பிராடர் செஞ்சது, 1-ல இருந்து 25 மி.லி வரைக்கும் மணி கோத்திருக்கும், அதுல 4 வந்துச்சுன்னா பையனுக்கு பருவம் இப்பத்தான் கதவத் தட்டுதுன்னு அர்த்தம். பொண்ணு அந்த நேரத்துல ஏற்கனவே பாதி வழி வந்தாச்சு, 14 மாசத்துல 9.5 செ.மீ வளந்திருந்தா, அவளோட உச்ச வேகம் அதுதான்.

அன்னிக்கு கடைசியா எழுந்திரிக்கும்போது நான் சிரிச்சிட்டே ஒண்ணு சொன்னேன். "பொண்ணு பர்ஃபெக்ட்டா இருக்கா, இவளப் பத்தி கவலையே வேணாம், தம்பியத்தான் பாக்கணும்." அந்த வரிய ஞாபகம் வெச்சுக்கோங்க.

பானை ஒண்ணு, தட்டு வேற

ஒரே சாப்பாடுங்குறது பாதி உண்மை. காலைல இட்லி, மதியம் டிபன் பாக்ஸ், ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா பொண்ணு கோகோ டீம்ல இருந்தா, ஸ்கூல் முடிஞ்சு கிரவுண்ட்ல ஓடிட்டுதான் வருவா. பையன் வேன்ல வந்து இறங்கி அஞ்சரைக்கு டியூஷன், போற வழில பேக்கரில ஒரு பப்ஸ், ஒரு பாட்டில் ஜூஸ். எட்டு மணிக்கு வந்ததும் பாட்டி ரெண்டு தோசை ஊத்துவாங்க, அது டிபன் கணக்கு, ஒம்போதரைக்கு அப்பா வந்ததும் அவரோட உக்காந்து சாதம், அது சாப்பாட்டுக் கணக்கு, பத்து மணிக்கு மேல உயரம் வளர்றதுக்குன்னு விளம்பரம் பண்ற பவுடர் போட்டு பால், மூணு ஸ்பூன் சக்கரையோட. அந்தப் பவுடர்லயே சக்கர இருக்குன்னு டப்பா பின்னாடி படிச்சுக் காட்டினப்ப பாட்டி கண்ணாடிய எடுத்து மாட்டி ஒரு தடவ அவங்களே படிச்சாங்க, அப்புறம் "பொய் சொல்றான் பாரு"ன்னு டப்பாவப் பாத்து சொன்னாங்க.

நான் குடுத்தது ஒரு பேப்பர். பப்சுக்கு பதிலா சுண்டலோ வேர்க்கடலையோ அவிச்ச முட்டையோ, ஜூஸ் கிடையாது, ராத்திரி ஒரு சாப்பாடுதான், பால்ல பவுடர் வேணாம், காலைல ஆறு மணிக்கு ஃபுட்பால். 5-ல இருந்து 17 வயசு வரைக்கும் தினம் 60 நிமிஷம் மூச்சு வாங்குற மாதிரி ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சென்னை வெயில்ல அது காலைலதான் முடியும். எடை குறைக்கணும்னு டார்கெட் எதுவும் வைக்கல. வளர்ற பையனுக்கு எடை மெதுவா ஏறி உயரம் வேகமா ஏறினா போதும், பி.எம்.ஐ அதுவா இறங்கும். அம்மா அந்தப் பேப்பர கொண்டு போய் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினாங்க.

14 மாசம் கழிச்சு, 12 வயசு 4 மாசத்துல, பையன் 148.5 செ.மீ, 49 கிலோ. பி.எம்.ஐ 22.2. ஏறியிருக்கு! அம்மாவுக்கு கோவம், "ஒரு வருஷமா பேக்கரி பக்கமே போகல மேடம்"னு. எனக்கே உள்ளுக்குள்ள உதறல்தான், சரியாத்தான் சொல்றோமான்னு. இந்த வயசுல பசங்க உடம்புக்கு ஒரு பழக்கம் உண்டு, உயரம் பாயறதுக்கு முன்னாடி கொஞ்சம் சதை சேத்து வெச்சுக்கும், அப்புறம் பாயும்போது அந்த சதையோட பங்கு குறையும். பொண்ணுங்களுக்கு பருவம் 8-ல இருந்து 13-க்குள்ள ஆரம்பிக்கும், பசங்களுக்கு 9-ல இருந்து 14. ஆனா வளர்ச்சியோட உச்சம் பொண்ணுங்களுக்கு பருவத்தோட முன்பாதியிலயே வந்துடும், 12 வயசு வாக்குல, பசங்களுக்கு பின்பாதில, 14 வாக்குல. ரெண்டு வருஷம் வித்தியாசம். இதெல்லாம் கட்டம் கட்டமா பிரிச்சு எழுதினவர் டேனர்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர், லண்டனுக்கு வடக்க ஹார்பெண்டன்னு ஒரு ஊர், அங்க ஒரு பிள்ளைங்க இல்லத்துல இருந்த பிள்ளைங்கள வருஷக்கணக்கா அளந்து, பொண்ணுங்களோடத 1969-லயும் பசங்களோடத 1970-லயும் வெளியிட்டாரு. நான் சதை மடிப்பு அளக்குற காலிப்பருக்கும் ஹார்பெண்டன் காலிப்பர்னுதான் பேரு. அப்பா இல்லாத அம்மா இல்லாத அந்தப் பிள்ளைங்கள நினைக்காம அத கைல எடுக்க எனக்கு முடியுறதில்ல, அது வேற கதை.

இந்த நேரத்துலதான் அப்பா ஒரு வேலை பண்ணாரு. பக்கத்துல இருந்த ஒரு ஜிம்முக்கு பையனக் கூட்டிட்டுப் போய் மெஷின்ல ஏத்தி ஒரு பிரிண்ட் வாங்கிட்டு வந்துட்டாரு. உடம்புக் கொழுப்பு 33 சதவீதம், மெட்டபாலிக் ஏஜ் 29. பன்னண்டு வயசுப் பையனுக்கு இருபத்தொம்போது! பையன் ராத்திரி முழுக்க தூங்கலையாம், நான் சீக்கிரம் செத்துடுவேனான்னு அக்காகிட்ட கேட்டிருக்கான். பிரிண்ட்ட வாங்கிப் பாத்தா வயசுங்குற இடத்துல 18-னு இருக்கு. "கம்மி வயசு போட்டா மெஷின் எடுக்கலைங்க, அதான் அவங்க போட்டாங்க"ன்னாரு அப்பா. அந்த மெஷின் கொழுப்ப அளக்குறதே இல்ல, கால் வழியா லேசா கரண்ட் விட்டு உடம்புல தண்ணி எவ்வளவுன்னு பாத்து, மிச்சத்த ஒரு ஃபார்முலால கணக்குப் போடுது. பிள்ளைங்க தசைல பெரியவங்கள விட தண்ணி பங்கு ஜாஸ்தி, பெரியவங்க ஃபார்முலாவ போட்டா கணக்கு தப்பாத்தான் வரும். காலைல தண்ணி குடிச்சியா, ஓடி வேர்த்தியாங்குறதுக்கெல்லாம் நம்பர் மாறும்.

காலிப்பரும் சாமி கணக்கு இல்ல, ஆனா ஒரே ஆள் ஒரே இடத்துல எடுத்தா மாத்தம் தெரியும். தோள்பட்டை எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவுல பேனால ஒரு புள்ளி, பின்பக்கம் தோலையும் சதையையும் ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சு, கொக்கிய விட்டு, ரெண்டு செகண்ட். மூணு தடவ. அப்புறம் கெண்டைக்கால்ல அதே மாதிரி. பையனுக்கு 19 மி.மீ, 18 மி.மீ. ஸ்லாட்டர் ஃபார்முலா 1988-ல பிள்ளைங்களுக்குன்னே போட்டது, பசங்களுக்கு ரெண்டையும் கூட்டி 0.735-ஆல பெருக்கி 1 சேக்கணும். 28 சதவீதம். ஜாஸ்திதான், ஆனா 33 இல்ல.

அப்புறம் ஒரு நாள் செருப்பு. 13 வயசு நெருங்குறப்ப அம்மா ஃபோன் பண்ணி "மேடம், ஸ்கூல் ஷூ மூணு மாசத்துல ரெண்டு சைஸ் மாத்திட்டேன், இது ஏதாவது வியாதியா?"ன்னாங்க. எனக்கு சந்தோஷம் தாங்கல. வளர்ச்சி கீழ இருந்து மேல வரும், மொதல்ல பாதமும் கையும், அப்புறம் கால், கடைசியா உடம்பு, அதனாலதான் அந்த வயசுப் பசங்க எல்லாத்துலயும் இடிச்சுக்கிட்டு நடக்குறாங்க. அதே சமயத்துல இடது மார்க் காம்புக்கு அடில ஒரு ரூபா காசு மாதிரி கட்டியா, தொட்டா வலி. பையன் ஃபுட்பால்ல டிஷர்ட் மாத்துறதுக்கே டாய்லெட்டுக்குப் போவானாம். வெறும் சதைன்னா விரலுக்கு அடில எதுவும் தட்டுப்படாது, மெத்துன்னு போகும், இது வட்டமா தட்டுப்படுது, சுரப்பி. டாக்டர் பாத்துட்டு, பருவத்துல பாதி பசங்களுக்கு வரும்டா, ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள தானா போயிடும்னாரு. இவனுக்கு ஒரு வருஷத்துல போயிடுச்சு.

மிச்சத்த வேகமா சொல்லிடுறேன். 13 வயசு 6 மாசத்துல 158.5 செ.மீ, 52 கிலோ. 15 வயசு 2 மாசத்துல 169 செ.மீ, 58 கிலோ, மடிப்பு ரெண்டும் 11 மி.மீ, கொழுப்பு 17 சதவீதம். இப்ப ஒரு கணக்கு பாருங்க. பன்னண்டே கால் வயசுல 49 கிலோல கொழுப்பு ஏறத்தாழ 14 கிலோ. இப்ப 58 கிலோல 10 கிலோ. அதாவது கொழுப்பு 4 கிலோ இறங்கி, தசை, எலும்பு, ரத்தம் எல்லாம் சேந்து 13 கிலோ ஏறியிருக்கு, தராசு மட்டும் 9 கிலோ கூடிப் போச்சுன்னு சொல்லுது. கழுத்துக் கருப்பு முக்கால்வாசி போச்சு. இதுல என் பேப்பருக்கு எவ்வளவு, டெஸ்டோஸ்டிரோன்ங்குற ஆண் ஹார்மோனுக்கு எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. குண்டா இருக்குற எல்லாப் பையனும் பருவத்துல இளைச்சிடுவான்னு விட்டுடக் கூடாது, நெறைய பேர் அப்படியே தொடர்றத பாத்திருக்கேன். இவன் அந்த ரெண்டு வருஷம் மேல மேல சேக்காம இருந்தான், உயரம் வந்து எட்டிப் பிடிச்சிடுச்சு.

பொண்ணு

பையன் பி.எம்.ஐ ஏறிப் போச்சுன்னு நாங்க தலையப் பிச்சுக்கிட்ட அதே மாசம்தான் பொண்ணு வயசுக்கு வந்தா. 12 வயசு 4 மாசம், 153 செ.மீ, 44 கிலோ. எல்லாம் டேனர் புக்குல இருக்குற மாதிரி, உயரத்தோட உச்ச வேகம் முடிஞ்ச பிறகுதான் மொத பீரியட்ஸ் வரும், அதுக்கப்புறம் இன்னும் ஒரு 5, 7 செ.மீ மிச்சம் இருக்கும். வீட்ல தாய்மாமன் வந்து, மஞ்சள் நீராட்டு, சீர், மண்டபம் எல்லாம் நடந்துச்சு. பாட்டி காலைல பச்ச முட்டையும் நல்லெண்ணெயும், சாயங்காலம் உளுந்தங்களி கருப்பட்டி போட்டு. பச்ச முட்டை வேணாம், அவிச்சுக் குடுங்கன்னேன், களிக்கு நான் எதிரி இல்ல, உளுந்தும் நல்லெண்ணெயும் வளர்ற பொண்ணுக்கு நல்லதுதான்.

இந்த வயசுல பொண்ணு உடம்புல கொழுப்பு கூடணும். கூடலாம்னு சொல்லல, கூடணும். இடுப்பு, தொடை, மார்பு. கொழுப்பு சும்மா மூட்டை கட்டி வெச்ச சரக்கு இல்ல. ஹார்வர்ட்ல இருந்த ரோஸ் ஃபிரிஷ் 1974-லயே எழுதினாங்க, பீரியட்ஸ் வர்றதுக்கு உடம்புல குறைஞ்சது 17 சதவீதம் கொழுப்பு வேணும்னு. அந்த 17-ங்குற நம்பர பின்னாடி வந்தவங்க ஏத்துக்கல, நம்பர் அவ்வளவு கறாரா கிடையாது, ஆனா அடிப்படை நின்னுச்சு. 1994-ல ஃபிரீட்மேன் கண்டுபிடிச்ச லெப்டின் ஹார்மோன், கொழுப்பு செல்லுல இருந்து மூளைக்குப் போற தகவல், வீட்ல அரிசி இருக்கு, விருந்தாளியக் கூப்பிடலாம்னு. பொறவியிலயே லெப்டின் இல்லாத பிள்ளைங்களுக்கு, ஊசில அதக் குடுக்குற வரைக்கும் பருவம் வர்றதில்ல. அரிசி இல்லன்னு தகவல் போனா மூளை கடைய மூடிடும்.

இதையெல்லாம் நான் அவகிட்ட சொன்னேனா? சொல்லல. அவ பர்ஃபெக்ட் ஆச்சே, அவளுக்கு ஃபைலே கிடையாது.

13 வயசு 2 மாசத்துல அம்மா அவளக் கூட்டிட்டு வந்தாங்க, மூணு மாசமா பீரியட்ஸ் வரல. நான் ஏத்தி நிறுத்தினேன், 156 செ.மீ, 42.5 கிலோ, பி.எம்.ஐ 17.5. சார்ட்ல வெச்சா நடுவாலதான் விழுது, நார்மல். மொத ரெண்டு வருஷம் பீரியட்ஸ் முன்னப்பின்ன வர்றதும் சகஜம்தான். "ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. அம்மா வேற, "முன்ன கொஞ்சம் சதை போட்டா மேடம், இப்ப அழகா ஸ்லிம் ஆயிட்டா"ன்னாங்க. முன்னன்னா எப்போ? தம்பி ஃபைல் பின்பக்கம் ஓரத்துல, 12 வயசு 10 மாசத்துல அவன் வந்தப்ப இவளும் ஏறி நின்னதுல நானே கிறுக்கி வெச்சிருந்தேன்: 155 செ.மீ, 46.5 கிலோ. நாலு மாசத்துல 4 கிலோ போயிருக்கு. உயரம் ஏறிட்டு இருக்குற பிள்ளைக்கு எடை இறங்கக் கூடாது. சும்மா நின்னாலே யோசிக்கணும், இது இறங்கியிருக்கு. ஒரு புள்ளியப் பாத்தா நார்மல், ரெண்டு புள்ளிய சேத்தா கோடு செங்குத்தா விழுது.

எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு அவள உக்கார வெச்சேன். கை ஜில்லுன்னு இருந்துச்சு, ஏசி கூட போடல. ஃபங்ஷன் வீடியோ வாட்ஸ்அப் குரூப்ல வந்திருக்கு, யாரோ ஒரு அத்தை "என்னடி தாவணில உருண்டு வர்ற"ன்னு சிரிச்சு பொம்மை போட்டிருக்காங்க. டிபன் பாக்ஸ் தினம் காலியாத்தான் வீட்டுக்கு வந்திருக்கு, சாப்பிட்டது பிரெண்ட்ஸ். தம்பிக்கு எழுதின பேப்பர் ஃபிரிட்ஜ்ல இருக்கே, அத பாத்து அவளும் ஒவ்வொண்ணா நிறுத்தியிருக்கா, அது முடிஞ்சதும் அதுல இல்லாததையும். ஸ்கூல்ல வாராவாரம் குடுக்குற நீல இரும்புச்சத்து மாத்திரையக் கூட வயித்தப் பிரட்டுதுன்னு டிராயிங் பாக்ஸ்ல சேத்து வெச்சிருக்கா. நான் கேட்டேன், எவ்வளவு வரணும்னு நினைச்ச?

"முப்பத்தாறு மேம்."

ஏன் 36?

"நீங்கதான சொன்னீங்க, பர்ஃபெக்ட்னு."

அப்ப அவ 146 செ.மீ இருந்தா. 11 வயசு. 10 செ.மீ வளந்த பிறகும் அந்த நம்பர பத்திரமா வெச்சிருந்திருக்கா. நான் கொஞ்ச நேரம் ஃபைலப் பொரட்டுற மாதிரி உக்காந்திருந்தேன், அதுல பாக்க ஒண்ணும் இல்ல.

டாக்டர் பாத்தாரு. நாடி 58, பிரஷர் பரவால்ல, அட்மிஷன் தேவப்படல. ஹீமோகுளோபின் 10.2, 12-க்கு மேல இருக்கணும். பீரியட்ஸ் நின்னதுக்கு வயசுதான் காரணம்னு காத்திருக்க முடியாது, எடை இறங்கினதோட சேந்து வந்திருக்குன்னு சொல்லிட்டாரு. சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பினோம், அப்பா மொதல்ல "என் பொண்ணு பைத்தியமா"ன்னு குதிச்சாரு, பாட்டிதான் "போய்ட்டுதான் வாயேன்டா, காசா பணமா"ன்னு அடக்கினாங்க. சீப்புல முடி கொத்தா வர்றத மொதல்ல கவனிச்சதும் பாட்டிதான், மூணு வாரமா சொல்லிட்டு இருந்திருக்காங்க, யாரும் காதுல வாங்கல. நானும் அவங்கள பவுடர் பால் பாட்டின்னு ஒரு ஓரமா வெச்சிருந்தேன்.

வைத்தியம்னு பெருசா ஒண்ணும் இல்ல, கடினமா இருந்துச்சு, அவ்வளவுதான். மூணு வேள சாப்பாடு, நடுவுல மூணு தடவ ஏதாவது, தட்டுல போடுறது அம்மா, எவ்வளவுன்னு பேரம் கிடையாது. கோகோவ ரெண்டு மாசம் நிறுத்தினோம், அதுக்குதான் அவ ரொம்ப அழுதா. வீட்டு வெயிட் மெஷின் பரண்ல ஏறிடுச்சு. கிளினிக்ல முதுகத் திருப்பி ஏறி நிப்பா, நம்பர நான் சொல்ல மாட்டேன். ஃபிரிட்ஜ் பேப்பர நானே அவங்க வீட்டுக்குப் போய் கிழிச்சேன், பையன் பக்கத்துல நின்னு "இதனாலயா?"ன்னு கேட்டான், "உன்னால இல்லடா, என்னால"ன்னேன். இந்த வயசுல எலும்பு வேற, உயரத்தோட உச்சத்த ஒட்டின ரெண்டு வருஷத்துல மட்டும் பெரியவங்க எலும்புல கால்வாசி சேருது, அப்ப பட்டினி கிடந்தா பின்னாடி முழுசா ஈடு கட்ட முடியாது, அந்த பயம் எனக்கு மாசக்கணக்குல இருந்துச்சு. நாலு மாசத்துல 46 கிலோ வந்துச்சு, அதே மாசம் பீரியட்ஸும். நடுவுல ஒரு பரீட்சை சமயத்துல மறுபடி சாப்பாடு குறைஞ்சு, மறுபடி ஏறுச்சு.

15 வயசு 2 மாசத்துல 158 செ.மீ, 51 கிலோ. மடிப்பு 17, 16, பொண்ணுங்க ஃபார்முலால 25 சதவீதம் வருது. 11 வயசுல 19 இருந்துச்சு. கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட 6 கிலோ கூடியிருக்கு, மத்தது 9 கிலோ. தம்பிக்கு சதவீதம் இறங்கினது எவ்வளவு சரியோ, இவளுக்கு ஏறினது அவ்வளவு சரி. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு, ஒருத்தருக்கு ஒருத்தர அளவுகோலா வெச்சதுதான் நாங்க எல்லாரும் பண்ண தப்பு. அப்பா 168, அம்மா 154. அத வெச்சுப் போட்டா பையனுக்கு 167.5, பொண்ணுக்கு 154.5-ன்னு கணக்கு வருது, முன்னப்பின்ன எட்டு செ.மீ இருக்கலாம். ரெண்டு பேரும் அவங்கவங்க பாதையிலதான் போயிருக்காங்க.

எங்க கிளினிக் செவுத்துல குண்டுப் பிள்ளைங்க பத்தின போஸ்டர்தான் இருந்துச்சு, மூணு. 2016-18 தேசிய குழந்தைகள் ஊட்டச்சத்து சர்வேல 10-ல இருந்து 19 வயசுக்குள்ள மெலிஞ்சவங்க 24 சதவீதம், அதிக எடை 5 சதவீதம். சென்னை மாதிரி ஊர்ல அந்தக் கணக்கு வேற மாதிரி இருக்கலாம், இருந்தாலும் எங்க கண்ணு ஒரே பக்கமா இருந்தது நிஜம். இப்ப கூட வர்ற அக்கா தம்பி யாரா இருந்தாலும் அவங்களுக்கும் ஒரு ஃபைல் போடுறேன், ஒருத்தர எடை பாக்கும்போது இன்னொருத்தர் வெளிய இருப்பாங்க. பேப்பர் எழுதிக் குடுக்குறதில்ல. பர்ஃபெக்ட்ங்குற வார்த்தைய அந்த ரூம்ல நான் சொல்றதில்ல, ஒரு அம்மா "அப்போ நார்மலா மேடம்?"னு கேட்டா கூட "இன்னிக்கு நல்லா வளர்றா, மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்"னுதான் வருது வாய்ல.

போன மாசம் அப்பா புதுசா வாசக்கால் போட்டோ அனுப்பினாரு. இடது பக்கம் மேல மூணு கோடு ஒண்ணு மேல ஒண்ணா விழுந்திருக்கு, பொண்ணு உயரம் நின்னாச்சு. வலது பக்கம் 156-ஐ ஒட்டி ஒரு கோட்டுக்கு பக்கத்துல பையன் எழுத்து, "இனிமே நான்தான் அண்ணன்." அக்காவத் தாண்டின அன்னிக்கு எழுதினதாம், 13 வயசுல. அன்னிக்கு அவ சண்டைக்கே வரல, பாத்துட்டு ரூமுக்குள்ள போயிட்டாளாம், அது அப்ப யாருக்கும் வித்தியாசமா படலன்னு அம்மா சொன்னாங்க. இப்ப அந்த எழுத்துக்கு அடில நீல பேனால, பெருசா, ரெண்டு தடவ அடிக்கோடு போட்டு, "9 நிமிஷம்"னு இருக்கு.